எல்லாம் டென்ஷன்தானா?

தமிழ்நாட்டில் இக்காலத்தில் ஏழை பணக்காரர் என்ற பேதமின்றி எல்லோருக்கும் பொதுவாக ஒரு வியாதி உண்டென்றால் அது 'டென்ஷன்'தான். பஸ் வரத் தாமதமானால் டென்ஷன். பிள்ளைக்குப் பரீட்சை என்றால் தாயாருக்கு டென்ஷன். பெண்ணுக்கு வரன் குதிரவில்லை என்றால் தகப்பனாருக்கு டென்ஷன். குழம்பில் உப்புக் கரித்தாலும் டென்ஷன். இந்த ஒரு வார்த்தை இல்லாமற் போனால் நம்மவர்கள் எப்படித்தான் கவலைப்படுவார்கள் என்று நாம் பலமுறை யோசித்ததுண்டு.

ஆங்கிலச் சொற்களிடம் நமக்கு விரோதம் ஒன்றுமில்லை. ஜூன் மாதத்தில் மேல்காற்று வீசத் தொடங்கித் தென்காசி வீட்டு முற்றங்களில் தூறல் தெறித்தால், "குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்துவிட்டது" என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். 'சீசன்' என்பதும் கப்பலேறி வந்த சொல்தான். ஆனால் அது 'சாரல்' என்ற சொல்லைத் துரத்திவிடவில்லை. இரண்டும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து சிநேகமாய்ப் பேசிக்கொண்டிருக்கின்றன. டென்ஷனோ, பத்துப் பேர் இருந்த வீட்டில் விருந்தாளியாய் நுழைந்து, பத்துப் பேரையும் வாசலுக்கு அனுப்பிவிட்டுத் தான் மட்டும் ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருக்கிறது.

வாசலில் நிற்பவர்கள் யார் யார்? பதற்றம், பரபரப்பு, தவிப்பு, பதைபதைப்பு, கலக்கம், கிலி, ஏக்கம், விசாரம், அங்கலாய்ப்பு. திருநெல்வேலிச் சீமையில் வழங்கும் 'வெப்ராளம்' என்ற சொல்லும் அந்தக் கூட்டத்தில் நிற்கிறது. பயம் வந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. கெட்ட சேதி வந்தால் நெஞ்சு பக்கென்கிறது. முடிவு தெரியாவிட்டால் இருப்புக் கொள்ளவில்லை. ஒவ்வொன்றுக்கும் உடம்பில் ஓர் இடத்தை நம் முன்னோர்கள் குறித்து வைத்திருந்தார்கள்.

ஆங்கிலேயர்களும் அப்படித்தான் செய்திருக்கிறார்கள் என்பது வேடிக்கையான விஷயம். 'டென்ஷன்' என்பது இழுத்து நீட்டுதல் என்னும் பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 'சஸ்பென்ஸ்' என்றால் தொங்கவிடுதல். 'ஆங்க்ஸைட்டி' என்பதன் மூலத்தில் குரல்வளையை நெரிப்பது என்ற பொருள் இருக்கிறது. 'த்ரில்' என்பது துளைத்தலைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல். கவலையோடு காத்திருப்பவரை 'டென்டர்ஹுக்'குகளில் இருக்கிறார் என்பார்கள். நெய்த கம்பளித் துணியை விறைப்பாக இழுத்து மாட்டி உலர்த்தும் கொக்கிகளுக்கு அந்தப் பெயர். சங்கரன்கோவில் பக்கம் நெசவாளர் தெருவில் பாவு நீட்டுவதைக் கண்டவர்களுக்கு இந்த உவமை உடனே விளங்கும். ஆக, ஆங்கிலேயர் இழுபடுவதற்கு ஒரு சொல், தொங்குவதற்கு ஒரு சொல், மூச்சு முட்டுவதற்கு ஒரு சொல் என்று தனித்தனியே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடமிருந்து ஒன்றை மட்டும் கடன் வாங்கி எல்லாவற்றுக்கும் செலவழிப்பது நாம்தான்.

'சஸ்பென்ஸ்' என்ற சொல்லுக்குச் சினிமா டைரக்டர் ஆல்பிரட் ஹிட்ச்காக் நல்ல விளக்கம் ஒன்று சொல்லியிருக்கிறார். மேஜைக்கடியில் வெடிகுண்டு இருப்பது யாருக்கும் தெரியாமல் திடீரென்று வெடித்தால், பார்ப்பவர்களுக்குச் சில விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பது பார்ப்பவர்களுக்கு மட்டும் தெரிந்து, மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் ஏதோ வம்பு பேசிக்கொண்டிருந்தால், அத்தனை நேரமும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். தெரிந்தவனுக்குத்தான் தவிப்பு என்பது அதன் சாரம்.

இந்த வித்தை நமக்குப் புதிதன்று. திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய திருக்குற்றாலக் குறவஞ்சியில், குற்றாலநாதர்மேல் காதல் கொண்டு வசந்தவல்லி தவிக்கிறாள். குறி சொல்ல வந்த குறத்தி விஷயத்தை உடனே உடைத்துச் சொல்லிவிடுகிறாளா? மலைவளம் சொல்லி, நாட்டுவளம் சொல்லி, கையைப் பார்த்து, சாவதானமாகத்தான் வருகிறாள். காதலன் யாரென்பது நமக்குத் தெரியும். ஆகவேதான் அந்தத் தாமதம் இனிக்கிறது. 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' வாராவாரம் வெளிவந்தபோது, அடுத்த இதழுக்காகக் காத்திருந்த குடும்பங்கள் அனுபவித்ததும் இந்த இனிப்பைத்தான். அதற்கு 'ஆவல்' என்று பெயர். அதையும் டென்ஷன் என்று சொன்னால் கற்கண்டையும் கடுக்காயையும் ஒரே டப்பாவில் கொட்டி வைத்ததாகும்.

கலந்து கொட்டினால் என்ன நஷ்டம் என்று நேயர்கள் கேட்கலாம். குற்றாலத்து அருவிகளே அதற்குப் பதில் சொல்லும். அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே மலையுச்சியில் மழை கொட்டுவதுண்டு. 2024 மே 17ஆம் தேதி பழைய குற்றால அருவியில் ஜனங்கள் ஆனந்தமாய்க் குளித்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று காட்டாற்று வெள்ளம் பாய்ந்தது. பதினேழு வயது மாணவன் ஒருவனை அது அடித்துக்கொண்டு போய்விட்டது. மலையோடு பழகியவர்கள் சிகரத்தில் மேகம் கறுத்தாலும், விழும் தண்ணீர் நிறம் மாறினாலும் மனம் கலங்குவார்கள். அந்தக் கலக்கத்துக்குக் காரணம் உண்டு. "கரையேறு" என்ற கட்டளையும் அதில் உண்டு. அதை வெறும் டென்ஷன் என்று எண்ணினால், "டென்ஷன் ஆகாதீங்க, சார்" என்று பக்கத்தில் இருப்பவர் சமாதானம் சொல்லிவிடுவார். பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவுக்கு மேலே விழும் நாட்களில் போலீஸார் குளிக்க விடாமல் தடுக்கும்போது, கையில் துண்டோடு நிற்பவர்களுக்கு ஏற்படுவது வேறு. அது ஆவல் கைகூடாத தவிப்பு. இரண்டையும் ஒன்றாய்க் கருதுபவன் போலீஸ்காரரோடு சண்டைக்குப் போகிறான்.

வீட்டுக்குள்ளும் இதே கதைதான். தென்காசியில் நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், பரீட்சை முடிவு வரவேண்டிய வாரத்தில், பெண்ணொருத்தி சரியாகச் சாப்பிடாமல் "டென்ஷனா இருக்கு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். "நல்ல மார்க் வரும், பயப்படாதே" என்று எல்லோரும் தேற்றினார்கள். அவள் முகம் தெளியவில்லை. கடைசியில் அவளுடைய ஆச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஏட்டி, அப்படின்னா என்ன செய்யுது ஒனக்கு? நெஞ்சு படபடன்னு அடிக்கா, வயித்தக் கலக்குதா, இல்ல மனசு பாரமா இருக்கா?" என்று கேட்டாள்.

பெண் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "பாரமாத்தான் இருக்கு ஆச்சி" என்றாள். மார்க்கைப் பற்றி அவளுக்குப் பயமே இல்லை. நல்ல மார்க் வந்தால் வெளியூர்க் கல்லூரியில் சேர்க்க வேண்டும். அதற்காகத் தகப்பனார் நகையை அடகு வைக்கப் போவதை அவள் கேட்டிருந்தாள். மார்க் வராமல் போனாலே தேவலை என்றுகூட எண்ணியிருக்கிறாள்! அன்றிரவு தகப்பனாரும் மகளும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். கடன் குறைந்துவிடவில்லை. ஆனால் பெண் சாப்பிட்டாள்.

பயத்துக்குத் தைரியம் சொல்லலாம். பாரத்தைப் பங்குபோட்டுச் சுமக்க வேண்டும். பதற்றத்துக்குச் சற்று உட்காரச் சொல்லி ஒரு வாய் தண்ணீர் கொடுத்தாலே போதும். எது எதென்று தெரியாமல் மருந்து கொடுப்பது எப்படி? தமிழிலே சொல்ல முடியாத உணர்ச்சி கிடையாது என்று ஆயுள் முழுவதும் வாதாடிய ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் தமது கடைசிக் காலத்தைக் கழித்தது இதே குற்றாலத்தில்தான். அவர் 1954இல் மறைந்தார். வெள்ளைக்காரர்கள் அதற்கு முன்பே, 1947இல், மூட்டை கட்டிவிட்டார்கள். அவர்கள் விட்டுப்போன டென்ஷனையும் கப்பலேற்ற வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அது ஊஞ்சலைவிட்டு இறங்கித் திண்ணையில் மற்றவர்களோடு உட்காரட்டும். அடுத்த முறை நம் வீட்டுக் குழந்தை "டென்ஷன்" என்று சொல்லும்போது, அந்த ஆச்சியைப் போல் ஒரு கேள்வி கேட்போமாக.