பெரிய வீட்டார் ஊர்

விடுமுறைப் பயணச் சலுகை கிடைத்தால் சொந்த ஊருக்குப் போய் வருவதே தில்லித் தமிழரின் வழக்கம். அச்சலுகை செல்லாத ஓர் ஊருக்காகச் சில ஆண்டுகளாகப் பணம் சேர்த்து வருகிறேன். கிரீன்லாந்தின் கீழைக் கடற்கரையில், ஆர்க்டிக் வட்டத்திற்கும் வடக்கே உள்ள இத்தொக்கோர்த்தூர்மீட் அது. 'பெரிய வீடுகளில் வாழ்வோர்' என்று அப்பெயருக்குப் பொருள். வாழ்வோர் ஏறத்தாழ 350 பேரே.

வெளியூர்களிலிருந்து அங்குச் செல்லச் சாலை கிடையாது. ஐஸ்லாந்திலிருந்து விமானத்தில் நெர்லெரித் இனாத் தளத்தில் இறங்கி, ஹெலிகாப்டர் ஏற வேண்டும். ஆண்டில் ஏறக்குறைய ஒன்பது மாதம் கடல் உறைந்திருப்பதால் சரக்குக் கப்பல் கோடையில்தான் வரும். நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டிக்காக நான் ஏப்ரலைத் தேர்ந்துள்ளேன். வானிலை கெட்டால் விமானம் நாள்கணக்கில் நின்றுவிடுமாம். ஆகவே ஒரு வாரம் கூடுதலாக விடுப்புக் கேட்க வேண்டும். பனிப்புயலைக் காரணமாக எழுதினால் எங்கள் அலுவலகம் ஏற்குமா என்பது வேறு கதை!

"அங்கே யார் இருக்கிறார்கள், போய்ப் பார்க்க?" என்கிறாள் மனைவி. நியாயமான கேள்விதான்.

டென்மார்க்கின் ஐனார் மிக்கெல்சன் முன்னின்று வீடுகள் அமைக்க, 1925-இல் தெற்கேயுள்ள அம்மஸ்ஸாலிக் பகுதியிலிருந்து இன்யூட் குடும்பங்கள் கப்பலில் வந்து குடியேறின. பழைய இடத்தில் வேட்டை அருகியிருந்தது. இக்கரைமீது நார்வேயும் உரிமை கோரிய காலம் அது. வயிற்றுப்பாடும் அரசின் தேவையும் சேர்ந்து பெயர்த்த குடும்பங்கள்! அவர்களுடைய பேரப்பிள்ளைகள் 'எங்கள் ஊர்' என்று எதைச் சொல்கிறார்கள் எனக் கேட்டறிய விரும்புகிறேன். தில்லியில் பிறந்த என் மகள் அக்கேள்விக்குத் தயங்குகிறாள். அவளையும் அழைத்துச் செல்வதாயின் இன்னும் ஈராண்டு பணம் சேர்க்க வேண்டும்.