வலையைப் பிடித்த கைகள்

எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்தின் ஓலைக் கொட்டிலில் ஒரு பத்திரிகைப் படம் நெடுங்காலம் ஒட்டப்பட்டிருந்தது. கறுத்த, திடகாத்திரமான ஒரு மனிதர். கோல் கம்பங்களுக்குள் ஓடிப்போய், இரண்டு கைகளையும் வலையின் கண்களுக்கூடாக வெளியே நீட்டி, முகத்தை உயர்த்திக் கதறுகிறார். அழுகையா சிரிப்பா என்று பிரித்தறிய முடியாத முகம். படத்தை ஒட்டியவர் என் சாச்சா. வாப்பாவின் கடைசித் தம்பி, கழகத்தின் முன்வரிசை ஆட்டக்காரர். படத்தின் கீழே நீலப் பேனாவால் 'ரஷீது' என்று எழுதியும் வைத்திருந்தார்.

அந்த மனிதரின் முழுப்பெயர் ரஷீதி யெகினி. 1994 ஜூன் 21ஆம் திகதி அமெரிக்காவின் டலஸ் நகரில், உலகக் கிண்ணத்தில் நைஜீரியா ஆடிய முதலாவது ஆட்டம் அது. எதிரே பல்கேரியா. இருபத்தோராவது நிமிடத்தில் பினிதி ஜோர்ஜ் வலப்பக்கமாக ஓடிவந்து குறுக்கே தள்ளிவிட்ட பந்தை யெகினி கிட்ட நின்று உள்ளே போட்டார். உலகக் கிண்ணத்தில் அந்த நாட்டின் முதற் கோல். ஆட்டம் 3-0 என்று முடிந்தது. தோற்ற பல்கேரியாதான் பிறகு ஜெர்மனியை வீழ்த்தி அரையிறுதி வரை போனது என்பதை நினைத்தால் அந்த வெற்றியின் கனம் தெரியும். எனக்கு அப்போது பதினைந்து வயது. ஆட்டத்தை எங்கள் ஊரில் யாரும் பார்க்கவில்லை. இரண்டு மூன்று நாள் கழித்துக் கொழும்புப் பத்திரிகையில் வந்த படத்தைத்தான் பார்த்தோம்.

'ரஷீது நம்மட ஆள் மனே' என்று சாச்சா சொல்வார். பெயரை வைத்துச் சொன்னதுதான். ஆனால் பிழையில்லை. நைஜீரியாவின் யொருபா மக்களுள் முஸ்லிம்கள் பெருந்தொகையினர். அரபுப் பெயர்களைத் தங்கள் நாக்குக்கு ஏற்ப வளைத்து வைத்திருக்கிறார்கள். நாம் ரஷீதை ரஷீது ஆக்கினோம், அவர்கள் ரஷீதி ஆக்கினார்கள். யெகினி என்பது 'யகீன்' என்ற சொல்லின் யொருபா வடிவம். சந்தேகமற்ற உறுதி என்று பொருள். இதை நான் மிகவும் பிந்தித்தான் அறிந்தேன். அறிந்தபோது சாச்சாவிடம் சொல்லிச் சந்தோசப்படும் நிலையில் அவர் இருக்கவில்லை.

யெகினியின் குடும்பம் குவாரா மாநிலத்தின் இரா என்ற ஊரைச் சேர்ந்தது. அவர் பிறந்தது வடக்கே கடுனா நகரில், 1963இல். அங்கிருந்த புடைவை ஆலை ஒன்றின் அணியில்தான் முதலில் பேர் எடுத்தார். பிறகு இபாடானில் சூட்டிங் ஸ்டார்ஸ். அதன் பிறகு அபியோகுட்டாவில் அபியோலா பேப்ஸ். இந்தக் கடைசி அணியின் சொந்தக்காரர் எம்.கே.ஓ. அபியோலா. 1993 ஜூன் 12இல் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் வென்றும் இராணுவ ஆட்சி அத்தேர்தலையே இரத்துச் செய்ததால் பதவி ஏற்க முடியாமற் போன அதே மனிதர்தான். டலஸில் யெகினி கோல் போட்டு இரண்டு நாள் சென்று, ஜூன் 23ஆம் திகதி அபியோலா கைது செய்யப்பட்டார். 1998இல் காவலிலேயே மௌத்தானார். நாடு முழுவதும் அந்தப் படத்தைப் பார்த்துக் குதித்துக்கொண்டிருந்த வாரத்தில் பழைய முதலாளி சிறைக்குள் போகிறார். நமக்கும் தெரியாததல்ல. இந்த நாட்டில் கிரிக்கெட் வெற்றிக்குப் பட்டாசு வெடித்த சில இரவுகளில் வேறு வெடிகளும் கேட்டிருக்கின்றன.

1987இல் யெகினி ஐவரி கோஸ்டுக்குப் போய் அபிஜான் நகரின் ஆபிரிக்கா ஸ்போர்ட்ஸ் அணியில் ஆடினார். 1990இல் போர்த்துக்கல்லுக்குப் போனார். லிஸ்பனுக்குத் தெற்கே கடலோரத்தில் செத்துபால் என்றொரு துறைமுக நகர் இருக்கிறது. மீன் டின்னில் அடைக்கும் தொழிலால் பிழைத்த ஊர். அதன் அணியான விட்டோரியா பெரிய அணியல்ல, இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டும் கிடந்தது. யெகினி அங்கிருந்து ஓடவில்லை. 1992-93 பருவத்தில் அந்த இரண்டாம் பிரிவில் 34 கோல்கள் போட்டார். அணி மேலே ஏறியது. அடுத்த பருவத்தில் முதற் பிரிவில் 21 கோல்கள். பென்பிகா, போர்ட்டோ, ஸ்போர்ட்டிங் என்ற மூன்று பெரிய அணிகளின் ஆட்டக்காரர்களையும் பின்னுக்குத் தள்ளி, அந்த நாட்டின் அதிக கோல் போட்டவர் என்ற பெயரை ஒரு சிறு அணிக்காரர் வாங்கினார். 1993ஆம் ஆண்டின் ஆபிரிக்காவின் சிறந்த வீரர் விருதும் கிடைத்தது. நைஜீரியர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதற்தடவை. 1994இல் துனிசியாவில் நடந்த ஆபிரிக்கக் கிண்ணத்தை நைஜீரியா வென்றபோது அதிலும் ஐந்து கோல்களோடு அவரே முன்னுக்கு நின்றார்.

டலஸ் அதற்குப் பிறகுதான் வந்தது. அதோடு ஏறுமுகம் முடிந்தது. கிரேக்கத்தின் ஒலிம்பியாகோஸ் வாங்கியது, நிலைக்கவில்லை. ஸ்பெயினின் கிகோன் அணிக்குப் போனார், அங்கும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி செத்துபால், பிறகு சூரிச், பிறகு துனிசியாவின் பிசெர்ட். 1999இல் சவூதியின் அல்-ஷபாப்.

அல்-ஷபாப் ரியாத் அணி. சாச்சா அப்போது ரியாதில் சாரதி வேலை. 'நம்மட ரஷீது இஞ்ச வந்திருக்கான்' என்று வாப்பாவுக்கு எழுதிய கடிதத்தின் ஓரத்தில் எனக்கென்று ஒரு வரி போட்டிருந்தார். எசமான் வீட்டுப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலைக்கு இடையில் ஆட்டம் பார்க்கப் போனாரா என்பதை எழுதவில்லை. ஒருவர் பந்துக்காகவும் மற்றவர் ஸ்டியரிங்குக்காகவும் அந்த நகருக்குப் போனார்கள். யெகினி ஒரு வருடத்துக்குள் அங்கிருந்தும் புறப்பட்டார். மீண்டும் அபிஜான். பிறகு சொந்த நாடு. முப்பத்தொன்பது வயதில் ஜூலியஸ் பேர்கர் அணிக்கும், நாற்பத்தொன்றில் கொஞ்ச நாள் கேட்வே அணிக்கும் ஆடினார். நாட்டுக்காகப் போட்ட 37 கோல்களை அதன் பிறகும் பல வருடங்கள் யாரும் எட்டவில்லை.

சாச்சா 2002இல் திரும்பி வந்தார். வந்தவர் பேச்சைக் குறைத்தார். இரவில் தூங்காமல் முற்றத்தில் நடந்தார். தன்னை யாரோ பின்தொடர்வதாகச் சொன்னார். ஒரு நாள் மாட்டுவண்டிக்காரனை அடித்துவிட்டார். ஊர் தன் முடிவைச் சொன்னது: ஜின். தண்ணீர் ஓதினார்கள், இசிம் கட்டினார்கள், தூர இடத்திலிருந்து ஒருவரை அழைத்து வந்து இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். ஓதிப் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. குர்ஆன் ஷிபா என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் காய்ச்சலுக்கு ஓதிய கையோடு டொக்டரிடமும் போகிறோமே, இதற்கு மட்டும் ஏன் போகவில்லை? பதில் எல்லோருக்கும் தெரியும். வீட்டில் கலியாணத்துக்குக் குமர்கள் இருந்தார்கள். 'பைத்தியக்காரன் குடும்பம்' என்ற பேர் வரக்கூடாது. பின்னறையில் வைத்து வெளியிலிருந்து பூட்டினார்கள்.

பூட்டினார்கள் என்று எழுதுவது எனக்கு வசதி. ஆசிரிய கலாசாலையில் பிள்ளை உளவியல் படித்துச் சித்தியெய்திய நானும் அந்த வீட்டில்தான் இருந்தேன். மாலையில் சோறு வைத்துவிட்டுத் திறப்பைப் போட்ட நாட்கள் எனக்கும் உண்டு. நான் வேலிப்பக்கமாகப் போகும்போது ஜன்னல் கம்பிக்கு வெளியே இரண்டு கைகள் நீண்டிருக்கும். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பாடசாலைக்குப் போயிருக்கிறேன்.

2012 மே மாதத்தில் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு மூலைச் செய்தி. ரஷீதி யெகினி மே 4ஆம் திகதி இபாடானில் காலமானார், வயது 48. அன்று வெள்ளிக்கிழமை. சில காலமாக உளநோயால் அவதிப்பட்டார் என்றும், யாருடனும் சேராமல் தனித்து வாழ்ந்தார் என்றும் எழுதியிருந்தது. அவரது கடைசி நாட்களைப் பற்றியும், சிகிச்சைக்கென்று உறவினர் அவரைக் கொண்டுபோனதைப் பற்றியும் அந்நாட்டில் பலரும் பலவிதமாகப் பேசினார்கள். அந்த வழக்கை விசாரிக்க எனக்குத் தகுதியில்லை. இராவில் அடக்கினார்கள். அதன் பிறகு அஞ்சலிகள் வந்தன. வலையைப் பிடித்த அதே படம் எல்லாவற்றிலும் இருந்தது.

ஆசிரியர் அறையில் அந்தப் பத்திரிகையை வைத்துக்கொண்டு ஒரு பாடவேளை முழுக்க இருந்தேன். படத்தில் நான் கண்டது வலையை அல்ல.

அடுத்த கிழமை வாப்பாவிடம் சண்டை பிடித்து, ஓட்டோவில் சாச்சாவை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். உளநலப் பிரிவில் இருந்த இளம் டொக்டர் முதலில் கேட்ட கேள்வி, 'எத்தனை வருசமா?' என்பது. பத்து என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு, 'நீங்க என்ன தொழில்?' என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

முழுச் சுகம் என்று சொல்லமாட்டேன். மாதம் ஒருமுறை கிளினிக், தினமும் மாத்திரை. கை சற்று நடுங்கும். ஆனால் பின்னறைக்கு இப்போது பூட்டு இல்லை. அசருக்குப் பிறகு மைதானத்தின் ஓரத்தில் பொடியன்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு இருப்பார். கழகத்தின் கொட்டில் சுனாமியோடு போய்விட்டது, படமும் போனது.

போன நோன்பில் கைபேசியில் அந்தக் கோலைத் தேடி எடுத்து அவருக்குக் காட்டினேன். முப்பது வருடங்களுக்குப் பிறகு, முதற்தடவையாக, அசையும் படமாகப் பார்க்கிறார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். திரும்பப் போடச் சொன்னார். மூன்று தரம் போட்டேன்.

'இது பினிதிட பந்து மனே' என்றார். 'ரஷீது சும்மா தட்டித்தான் உட்டிருக்கான்.'