கூரையில்லாத வண்டி

கொண்டப்பநாயக்கன்பட்டியில் அப்பா விட்டுச்சென்ற நிலமும் வீடும் ஒரே பிற்பகலில் பாகமாகிவிட்டன. இரண்டு மாதங்களாக முடியாமல் நிற்பது, சாய்ப்பில் கிடக்கும் 1965ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு விலை வைப்பதுதான். தம்பி வண்டியை வைத்துக்கொள்ள விரும்புகிறான். அக்காவுக்கும் எங்களுக்கும் உரிய பங்கைப் பணமாகத் தரவேண்டும்.

பெருங்களத்தூரில் தயாரான இந்த வண்டியை வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலோத்தி. இதே அடிச்சட்டத்தைக் குறுக்கி, அவரே வரைந்த ஸ்பிட்ஃபயர் என்னும் பந்தய வகைக் கார் 1962இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதன் படத்தை எங்கோ பார்த்துவிட்ட அப்பா, 1974இல் பட்டறையில் நிறுத்தி ஹெரால்டின் கூரையை எடுத்துவிட்டார். ஏற்காட்டுக் கொண்டையூசி வளைவுகளில் காற்று முகத்தில் அறைய நாங்கள் மூவரும் பின்னிருக்கையில் நின்றுகொண்டே போயிருக்கிறோம். ஊருக்கே அது 'ரேஸ் கார்'தான்.

காப்பீட்டு அலுவலகத்தில் கேட்டோம். ஐந்தாண்டுகளுக்கு மேற்பட்ட வண்டிக்கு இரு தரப்பும் பேசி முடிப்பதே மதிப்பு என்றார்கள். பேசி முடியாமல்தானே அங்கே போனோம்! 1962இல் ஏறத்தாழ 18,000 டாலருக்கு விற்ற ஃபெராரி 250 ஜி.டி.ஓ. ஒன்று, 2018இல் 4 கோடியே 84 லட்சம் டாலருக்கு ஏலம் போனதைத் தம்பி மகன் செல்பேசியில் காட்டினான். அவ்வகையில் செய்யப்பட்டவை 36தான்; ஒவ்வொன்றும் எங்கே ஓடியது, யாரிடம் இருந்தது என்பதற்கு எழுத்துச் சான்று உண்டு. சுவடிப் பதிப்பில் பாட வேறுபாடு பார்ப்பதைப் போன்றதுதான் இதுவும் என்று தோன்றியது. எங்களிடம் இருப்பதோ ஒரு ஆர்.சி. புத்தகமும் மங்கிய புகைப்படமும்.

கோவையிலிருந்து ஒரு பெரியவரை அழைத்துவந்தோம். சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் புத்தகத்தோடு ஒப்பிட்டுத் தலையசைத்தார். பிறகு கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்பை விரலால் தடவினார்.

"கூரையை அறுக்கலைங்க. போல்ட்டைக் கழற்றித்தான் எடுத்திருக்காங்க. அது இருக்குதுங்களா?"

ஹெரால்டின் கூரை தனியாகக் கழன்று வரும் என்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரியும். 2021இல் வந்த மத்திய விதி, ஐம்பதாண்டு கடந்த வண்டியைப் பழம்பெரும் வண்டியாகப் பதிய இடமளிக்கிறது. ஆனால் உடற்கூடு மாற்றப்படாமல் அசலாக இருக்கவேண்டும். கூரை இருந்தால் நான்கு லட்சம், இல்லாவிட்டால் இரண்டரை என்றார் பெரியவர். அக்கா நான்கில் பங்கு கேட்கிறாள்; தம்பி இரண்டரையில் நிற்கிறான்.

அந்தக் கூரை கோழிக்கூண்டின் மேல் இருபது வருடங்களுக்கு மேல் கிடந்தது. 1998இல் கூண்டைப் பிரித்தபோது பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டது நாங்கள்தான். அப்பா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. இதை அக்காவிடமும் தம்பியிடமும் இன்னும் சொல்லவில்லை. இருவரும் சாய்ப்பிலும் பரணிலும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.