நாகமானும் தானியேலும்

நம் சங்கத்தில் நவராத்திரிதோறும் கொலு வைப்பதும், ஒன்பது மாலையும் சுண்டல் வழங்குவதும் அங்கத்தினர் அனைவரும் அறிந்தவையே. அந்நாட்களில் கிறிஸ்தவக் குடும்பங்கள் சில கொலுவைக் காண வருகின்றன. குழந்தைகளின் பாட்டை முன்வரிசையில் அமர்ந்து கேட்கின்றன. ஆனால் சுண்டலை மட்டும் வாங்காமல் விடைபெற்றுச் செல்கின்றன. வேறு சில கிறிஸ்தவக் குடும்பங்களோ வாங்கி உண்கின்றன. "உங்கள் வேதம் ஒன்றுதானே, வழக்கம் மட்டும் ஏன் இரண்டாக இருக்கிறது?" என்று சங்கத்து அம்மையார் ஒருவர் என்னைக் கேட்டார். குற்றம் காணும் எண்ணத்துடன் கேட்டாரல்லர். மெய்யாகவே அறிய விரும்பிக் கேட்டார். வாசற்படியில் நின்று சொல்லக்கூடிய விடை அன்று ஆகையால், இவ்விதழில் எழுதுவதாக வாக்களித்தேன்.

நான் வேதசாஸ்திரம் கற்றவன் அல்லன். மெட்ரிகுலேஷன் தேறி ரயில்வேயில் அமர்ந்து, கரக்பூர்ப் பார்சல் காரியாலயத்தில் குமாஸ்தாவாகக் காலம் கழிப்பவன். எங்கள் முன்னோர் திருநெல்வேலிச் சீமையினர். பழைய வங்க நாகபுரி ரயில்வேயின் நாட்களில் பிழைப்பை நாடி இங்கே வந்தவர்கள். ஊரில் எங்கள் சுற்றத்தார் 1947-ல் அமைந்த தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். இங்கே நாங்கள் 1970-ல் நாகபுரியில் உருவான வட இந்தியத் திருச்சபையின் ஆலயத்துக்குப் போகிறோம். ஊரிலே தெரு முழுவதும் நம்மவராக இருக்கையில், ஒருவன் தன் விசுவாசத்தைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை மட்டும் யோசித்தாலும் காலம் ஓடிவிடும். முப்பது பேர் வேலை செய்யும் காரியாலயத்தில் இருவர் மட்டுமே கிறிஸ்தவராக இருக்கும்போதோ, தேநீர் குடிக்கிற வேளையிலும் அந்த யோசனை வந்து எதிரே உட்கார்ந்துகொள்கிறது.

எல்லாக் கேள்விகளும் கடினமானவை அல்ல. வெற்றிலைக் கூடையும் மீன் பெட்டியும் எங்களிடம் வந்து இறங்கினால், அவற்றின் சொந்தக்காரருக்கு வண்டி புறப்படும் நேரம் ஒன்றே கண்ணில் தெரியும். ஒன்று வாடிப்போகும், மற்றது கெட்டுப்போகும். ஆகவே எடை போடுகிறவனிடம் அவர் மிக்க அன்பாக இருப்பார். தீபாவளிக்கு முந்தின வாரம் அந்த அன்பு ஓர் இனிப்புப் பெட்டியாகவும், பெட்டியின் அடியில் ஓர் உறையாகவும் உருவெடுத்து வரும். இதற்கு இராமுழுதும் ஜெபித்து விடை தேட வேண்டியதில்லை. ஆயக்காரர்கள் யோவான் ஸ்நானனிடம் வந்து, தாங்கள் செய்ய வேண்டியது யாது என்று வினவியபோது, அவர் உத்தியோகத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. விதித்த தொகைக்கு மேல் வாங்காதிருக்கவே சொன்னார் என்று லூக்கா எழுதியிருக்கிறார். ஆயக்காரன் என்றால் அக்காலத்துச் சுங்கக் குமாஸ்தா. எனக்கு அண்ணன் முறை. ஞாயிற்றுக்கிழமை முறைவேலையும் எளிதான கேள்விதான். அன்று ரயில் ஓடாதிருந்தால் ஆலயத்துக்கு வருவோரில் பலர் வீட்டிலேயே இருந்துவிட நேரும்.

பிரசாதம் அவ்விதமானதன்று. உறையைத் தள்ளும்போது நன்மைக்கும் தீமைக்கும் நடுவில் நிற்கிறோம். பிரசாதத்தின் எதிரிலோ இரண்டு நன்மைகளுக்கு நடுவில் நிற்கிறோம். ஆராதனை தேவன் ஒருவருக்கே உரியது என்ற முதற்கற்பனை ஒரு பக்கம். அன்போடு நீட்டிய கையை வெறுங்கையாகத் திருப்பலாகாது என்ற கடமை மறுபக்கம்.

கொரிந்து பட்டணத்துச் சபையார் கி.பி. 50-களின் நடுவிலேயே பவுல் அப்போஸ்தலரிடம் இதைக் கேட்டுவிட்டார்கள். கொரிந்து இரண்டு துறைமுகங்களை உடைய வியாபாரப் பட்டணம். பாழாய்க் கிடந்த அவ்வூரில் கி.மு. 44-ல் ஜூலியஸ் சீசர் புதிதாகக் குடியேற்றம் செய்வித்தார். அதன்பின் நானா திசையிலிருந்தும் ஜனங்கள் பிழைக்க வந்து சேர்ந்தார்கள். நம் கரக்பூரைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே கோயிலில் பலியிட்ட இறைச்சி கடைத்தெருவில் விற்பனைக்கும் வரும். கோயில்களை ஒட்டி விருந்தறைகளும் இருந்தன. அஸ்கிளேப்பியஸ் என்னும் வைத்தியத் தெய்வத்தின் கோயிலைச் சார்ந்த அத்தகைய அறைகளை அகழ்வாராய்ச்சியாளர் கண்டெடுத்திருக்கின்றனர். சிநேகிதன் விருந்துக்கு அழைத்தால் போவதா? கடையில் வாங்கும் இறைச்சி எங்கிருந்து வந்தது என்று விசாரிப்பதா?

பவுலின் விடை முதல் நிருபத்தின் 8-ம் 10-ம் அதிகாரங்களில் இருக்கிறது. அதை ஒரு வாக்கியத்தில் சுருக்கிச் சொல்லுகிறவர்கள் பாதியை விட்டுவிடுகிறார்கள். விக்கிரகத்தில் ஒன்றுமில்லை, ஆகையால் உணவு ஒருவனைக் கெடுப்பதில்லை என்கிறார். (இந்து அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். உங்களுக்கு அது எத்துணை அருமையானது என்பதை அறிந்தும், எங்கள் நூல் சொல்வதை மறைத்து எழுதினால் உங்களை மதித்தவன் ஆகமாட்டேன்.) கடையில் விற்பதை விசாரியாமல் வாங்கலாம், அழைத்த வீட்டில் வைத்ததைச் சாப்பிடலாம் என்றும் சொல்லுகிறார். ஆனால் பலிபீடத்தின் பந்தியில் பங்குபெறுவது வேறு, அது கூடாது என்று எச்சரிக்கிறார். இவ்விரண்டுக்கும் மேலாக மூன்றாவது ஒன்றைச் சொல்லுகிறார்: உனக்குத் தெளிவு இருக்கலாம்; உன் அருகில் நிற்கிறவனுக்கு அது இல்லாதிருந்தால், நீ உண்பதைக் கண்டு அவன் இடறிப்போவானாகில், அவனுக்காக உண்ணாதே. தட்டில் என்ன இருக்கிறது என்பதைக் காட்டிலும் பக்கத்தில் யார் இருக்கிறார் என்பதையே அவர் பெரிதாகக் கருதினார் என்று எனக்குத் தோன்றுகிறது.

பழைய ஏற்பாட்டிலோ இருவேறு மனிதர்கள் இருக்கிறார்கள். தானியேல் பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்ட வாலிபன். அரசனுடைய போஜனத்தால் தன்னைத் தீட்டுப்படுத்தலாகாது என்று தீர்மானித்து, பருப்பும் தண்ணீரும் போதும் என்றான். அதையும் முரட்டுத்தனமாகச் சொல்லவில்லை. மேலதிகாரியிடம் பத்து நாள் தவணை கேட்டுப் பணிவோடு சாதித்தான். நாகமான் சீரிய தேசத்துப் படைத்தலைவன். குஷ்டம் நீங்கின பின்பு இஸ்ரவேலின் தேவனையே தொழுவேன் என்று எலிசா தீர்க்கதரிசியிடம் சொன்னவன், ஒரு சங்கடத்தையும் சொன்னான். அவனுடைய அரசன் ரிம்மோனின் கோயிலில் பணியும்போது இவன் கைமேல் சாய்ந்துகொள்வான். அப்போது இவனும் குனிய வேண்டிவரும். இதைக் கர்த்தர் மன்னிக்க வேண்டும் என்றான். எலிசா அவனைக் கடிந்துகொள்ளாமல் சமாதானமாக அனுப்பிவைத்தார். ஒருவன் உண்ண மறுத்தான், மற்றவன் குனிந்தான். வேதம் இருவரையும் புறக்கணிக்கவில்லை. நாகமான் திரும்புகையில் இரண்டு கோவேறு கழுதைப் பொதி மண்ணையும் இஸ்ரவேலிலிருந்து கேட்டு வாங்கிப் போனான். அதைப் படிக்கும்போதெல்லாம் விடுமுறை முடிந்து கருப்பட்டியும் முறுக்கும் கட்டிக்கொண்டு வண்டி ஏறும் நம் குடும்பங்கள் நினைவுக்கு வருகின்றன.

எங்கள் வீட்டில் என் மாமியார் தானியேல் கட்சி. படைத்த பொருளின் வாசனையும் அவர்களுக்கு ஆகாது. ஆயினும் அடுத்த வீட்டுத் தெலுங்கு அம்மாளுக்குக் காய்ச்சல் கண்டபோது, பத்து நாளும் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவர்கள் அவர்களே. நான் இயல்பாக நாகமான் கட்சி. காரியாலயத்தில் பூஜை நடக்கும்போது ஓரமாக மரியாதையுடன் நிற்பேன், கும்பிடமாட்டேன். பிறகு வரும் லட்டுவை நண்பர் கொடுத்த லட்டு என்றே எண்ணி உண்பேன். இப்படியே பத்து ஆண்டுகள் கடந்தன.

இந்த ஒழுங்கு சென்ற விசுவகர்மா பூஜையில் சோதனைக்கு வந்தது. வங்காளத்தில் விசுவகர்மா பூஜை பெரும்பாலும் செப்டம்பர் 17-ல் வரும். நமக்குப் புரட்டாசி பிறக்கும் சமயம். நாம் ஆயுத பூஜையன்று செய்வதை இவர்கள் அன்றே செய்துவிடுகிறார்கள். ரயில்வே பணிமனை முதல் சைக்கிள் கடை வரை யானைமேல் அமர்ந்த விசுவகர்மா எழுந்தருளுவார். எங்கள் காரியாலயத்திலும் சந்தா சேர்த்து, பூஜை முடிந்தபின் எல்லாரும் ஒரே பந்தியில் கிச்சடி உண்பது வழக்கம்.

எங்களிடம் மூட்டை தூக்கும் சாந்தாலி ஒருவர் அதற்கு முந்தின ஆண்டுதான் ஞானஸ்நானம் பெற்றார். தம் கிராமத்தில் பொங்கா எனப்படும் ஆவிகளுக்கு அஞ்சி வளர்ந்தவர். குழந்தை நோயுற்றபோதெல்லாம் கோழி பலியிட்டுக் கடன்பட்டவர். அந்த அச்சம் நீங்கியதே அவர் கண்ட இரட்சிப்பு. எனக்குப் படைத்த பொருள் வெறும் லட்டு. அவருக்கோ அது வெறும் லட்டு அன்று. பூஜைக்கு இரண்டு நாள் முன்பு என்னிடம் வந்து, "தாதா, நீங்கள் சாப்பிடுவீர்களா?" என்று மட்டும் கேட்டார். நான் என்ன செய்கிறேனோ அதையே தாமும் செய்வது என்று அவர் தீர்மானித்திருப்பது முகத்தில் தெரிந்தது. பவுல் இத்தகையவரைப் பலவீனமுள்ளவர் என்கிறார். நான் அசைக்கமாட்டாத கூடையைத் தோளில் ஏற்றிக்கொண்டு மேடை நெடுகப் போகிறவரை அச்சொல்லால் குறிக்க எனக்கு வாய் வரவில்லை. எனினும் பவுல் கருதியது யாரை என்பது அன்று விளங்கிற்று.

உண்பதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். அது கடினமாக இல்லை. எங்கள் தலைமைக் குமாஸ்தாவிடம் அதை எவ்விதம் சொல்வது என்பதே கடினமாக இருந்தது. ஓய்வு பெற ஒரு வருஷம் இருந்த வங்காளி அந்தணர் அவர். ஆண்டுதோறும் முதல் தொன்னையைத் தம் கையாலேயே எனக்குக் கொடுப்பவர். என் தாயார் இறந்தபோது என் வீட்டுத் திண்ணையில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தவர். பந்தியில் அத்தனை பேர் முன்னிலையில் அவர் கையை மறுப்பது முறையன்று என்று கருதி, முதல் நாள் மாலையே தனியாகக் கண்டு, சாந்தாலியைப் பற்றியும் என் நிலையைப் பற்றியும் உள்ளபடி சொன்னேன்.

அவர் சற்று நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு தம் தாயாரைப் பற்றிச் சொன்னார். இளமையிலேயே விதவையான அந்த அம்மாள், பிறர் சமைத்ததை எவ்வீட்டிலும் உண்பதில்லையாம். ஏகாதசியில் தண்ணீரும் அருந்துவதில்லையாம். கல்யாண வீடுகளில் எல்லாரும் விருந்துண்ண, அவர்கள் ஒரு மூலையில் தாம் கொண்டுபோன பழத்தை உரித்துத் தின்பார்களாம். "எந்த வீட்டாரும் என் தாய் தங்களை அவமதித்ததாக நினைத்ததில்லை. நான் மட்டும் உன்னை அப்படி நினைப்பேனா?" என்றார். ஆயினும் அவர் முகம் சற்று வாடியதை நான் கண்டேன். காணாததுபோல் எழுத மனம் இடங்கொடுக்கவில்லை. மறுநாள் பூஜை தொடங்கும் முன்பே, கடையிலிருந்து நேரே வந்த சந்தேஷ் பெட்டி ஒன்றைத் தம் மேஜை அறையிலிருந்து எடுத்து, எங்கள் இருவரையும் அழைத்துக் கொடுத்தார். கிச்சடியும் படையலுக்குப் போகுமுன் எங்களுக்காகத் தனியே எடுத்து வைக்கப்பட்டிருந்தது. பந்தியில் அவர் எங்கள் இருவருக்கும் நடுவில் அமர்ந்து சாப்பிட்டார்.

அரசியலமைப்பில் 25-ம் ஷரத்து மனச்சாட்சிச் சுதந்தரத்தை எல்லாருக்கும் அளித்திருக்கிறது. கேரளத்தில் தேசிய கீதம் பாடும்போது எழுந்து நின்றும் பாடாதிருந்த மூன்று குழந்தைகளைப் பள்ளியிலிருந்து 1985-ல் நீக்கினார்கள். 1986-ல் சுப்ரீம் கோர்ட்டார் அந்நீக்கம் செல்லாது என்று தீர்ப்பளித்தார்கள். அக்குழந்தைகள் சேர்ந்த யெகோவாவின் சாட்சிகள் என்னும் கூட்டத்தாரின் கொள்கை எனக்கு உடன்பாடன்று, தீர்ப்பு உடன்பாடே. ஆயினும் சந்தேஷ் பெட்டி எந்த ஷரத்திலும் இல்லை. சட்டம் என்னைப் பலவந்தத்திலிருந்து காக்கும். தலைமைக் குமாஸ்தாவின் முகவாட்டத்துக்கு அதனிடம் மருந்து கிடையாது. முதல் நாள் மாலையே போய்ச் சொல்லும் வேலை நம்முடையது.

எங்கள் ஊர் ஆலயத்தில் ஆண்டுக்கொருமுறை அசனம் நடக்கும். ஆட்டுக்கறியும் சோறும் அண்டா அண்டாவாக வெந்து, சாதிமத பேதமின்றிச் சுற்றுப்புறத்தார் எல்லாரும் வந்து உண்பார்கள். அடுத்த தெருவிலிருந்த வைஷ்ணவப் பெரியவர் ஒருவர் மட்டும் உண்ண வரமாட்டார். ஆனால் விடியற்காலையில் அவர் தோட்டத்து வாழையிலைக் கட்டுத்தான் முதலில் ஆலயத்து வாசலில் வந்து இறங்கும். அவர் ஏன் உண்ணவில்லை என்று சபையார் யாரும் கேட்டதில்லை. சுண்டல் வாங்காத எங்கள் குடும்பங்களை அந்தப் பெரியவரைப்போல் எண்ணிக்கொள்ளும்படி சங்கத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் குடும்பங்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு: சுண்டலை வேண்டாம் என்னலாம், வாழையிலை அனுப்ப மறக்கலாகாது.

இப்போது வீட்டில் வேறொரு கேள்வி எழுந்திருக்கிறது. வங்காளப் பள்ளிகளில் வசந்த பஞ்சமியன்று சரசுவதி பூஜை நடக்கும். பிள்ளைகள் புத்தகங்களை அம்மன் காலடியில் வைத்துவிட்டு, அன்று முழுவதும் படிக்காதிருக்கலாம். அதற்கு முன் இலந்தைப்பழம் தின்னலாகாது என்றும் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகன் நன்றாகச் சித்திரம் எழுதுகிறவன். பூஜை மண்டபத்தில் ஆல்பனா என்னும் அரிசிமாக் கோலம் வரைய அவன் பெயரை ஆசிரியை எழுதிக்கொண்டாராம். கோலம் கோலந்தானே, நம் வீட்டு வாசலில் போடுவதில்லையா என்கிறாள் என் மனைவி. கூடவே கூடாது என்கிறார்கள் மாமியார். பையன் இருவர் சொல்லையும் கேட்டுவிட்டு என்னிடம் வந்து, "அப்பா, நாகமான் கோலம் போட்டிருப்பானா?" என்று கேட்கிறான். அவன் வகுப்பில் வேறு கிறிஸ்தவப் பிள்ளை உண்டா, அது சிறியதா பெரியதா என்று நான் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அரிசி இன்னும் ஊறப்போடவில்லை.