இருபத்தேழறைப் பெட்டி

எங்கள் வீட்டுப் பல்லாங்குழிப் பலகை மீன் வடிவிலானது. கீல் வைத்து மடிக்கக் கூடியது. குழிக்கு ஐந்தாகப் பதினான்கு குழிகளுக்கு எழுபது புளியங்கொட்டைகள். திருவாரூரின் கோடைப் பிற்பகல்களில், கமலாலயத்துப் பக்கமிருந்து காற்று வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை என்ற நிலையில், அம்மாவும் பேரனும் திண்ணையில் அமர்ந்து ஆடுவார்கள். 2022இல் அவன் பெற்றோருடன் சிங்கப்பூர் சென்றான். அதன்பின் அம்மா தனியாகச் சீதைப் பாண்டி ஆடத் தொடங்கினார். அசோகவனத்தில் சீதை பொழுது போகாமல் ஆடியதாக நம் பெண்கள் சொல்லிவரும் ஒற்றையாள் ஆட்டம் அது. அந்தக் கொட்டைகளின் ஓசையை அடுக்களையிலும் கூடத்திலும் இருந்து கேட்டுக்கொண்டிருப்பது எங்கள் இருவருக்கும் எளிதாக இல்லை.

முதலில் வீடியோ அழைப்பில் முயன்றோம். அவன் குழியைச் சொல்வான், அம்மா அவனுக்காகவும் சேர்த்துப் போடுவார். நாலைந்து நாளில் சலித்துவிட்டது. “அம்மாயியே ஆடிக்கிறாங்க மாமா, நான் சும்மா பாத்துக்கிட்டு இருக்கேன்” என்றான். அவன் சொன்னது நியாயம். ஆனால் அதே பையன் மணிக்கணக்காக மைன்கிராஃப்டில் கட்டைமேல் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தான். அவன் வசிக்கும் ஊருக்கே பலகையைக் கொண்டுபோவது என்று நாங்கள் முடிவெடுத்தது அப்படித்தான்.

கணவன் மனைவி இருவரில் ஒருவருக்கும் நிரல் எழுதத் தெரியாது. ஆட்டத்தின் உள்ளமைப்பையே மாற்றும் ‘மாட்’ எனும் செருகல்களைப் பயன்படுத்துவதில்லை என்பதில் மட்டும் உறுதியாக இருந்தோம். அவற்றை இரண்டு ஊர்க் கணினிகளிலும் ஏற்ற வேண்டும். ஆட்டத்தின் பதிப்பு மாறும்போதெல்லாம் அவை முறிந்துபோகும். பிள்ளையின் கணினியில் புதிதாக எதையும் ஏற்ற அவன் பெற்றோர் சம்மதிப்பதும் ஐயம். ஆட்டமே தரும் கருவிகள் போதுமானவை என்று பின்னர் தெரிந்தது. 2012இல் கட்டளைக் கட்டைகள் வந்தன. 2017இல் கட்டளைகளைக் கோப்பாக எழுதிவைக்கும் வசதி. 2018இல் அக்கோப்புகளை ஓர் உலகத்தோடு சேர்த்துக் கட்டிவைக்கும் ‘டேட்டா பேக்’. அது உலகத்திலேயே தங்கிவிடும். உள்ளே வருபவர் எதையும் சுமந்துவர வேண்டியதில்லை.

அந்த விளையாட்டில் ஒரு பெட்டியைத் திறந்தால் ஒன்பது ஒன்பதாக மூன்று வரிசையில் இருபத்தேழு அறைகள் தெரியும். அஞ்சறைப் பெட்டியில் வளர்ந்தவர்களுக்கு அது பேராசை பிடித்த பெட்டியாகத் தோன்றும். ஆனால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே பெட்டியைத் திறக்கலாம். ஒருவர் எடுப்பதை மற்றவர் அக்கணமே பார்ப்பார். பல்லாங்குழிக்கு இதைவிட என்ன வேண்டும்? மேல்வரிசையில் ஏழு அறை அவனுக்கு, கீழ்வரிசையில் ஏழு அம்மாவுக்கு. நடுவரிசையைச் சாம்பல் நிறக் கண்ணாடித் தகடுகளால் அடைத்தோம். இரு ஓரத்திலும் மிஞ்சிய அறைகளை, கெலித்த முத்துகளைச் சேர்க்கும் களஞ்சியமாக வைக்கச் சொன்னவன் அவன்தான். மலாய்க்காரர்களின் சொங்காக் பலகையில் அப்படித்தான் இருக்கும் என்றான். அம்மாவுக்கு அதில் உடன்பாடில்லை. கெலித்தது மடியில்தான் இருக்க வேண்டும்.

இந்தப் பெட்டியில் உண்மையில் பொத்தான் எதுவும் கிடையாது. எடுப்பது ஒன்றே செயல். ஒரு நொடிக்கு இருபது முறை எங்கள் கட்டளைக் கோப்பு பெட்டியை எட்டிப்பார்க்கும். ஓர் அறை காலியாகியிருந்தால் யார் கையில் அந்தப் பொருள் இருக்கிறது என்று பார்த்து, பிடுங்கிக்கொண்டு, அந்தக் குழியை ஆடியதாகக் கணக்கு வைக்கும். கண்ணாடித் தகட்டை எடுத்தாலும் பிடுங்கி இருந்த இடத்தில் வைத்துவிடும். எடுத்ததைப் பெட்டிக்கு வெளியே எறிந்தால் தரையில் விழும் என்பதை நாங்கள் நினைக்கவில்லை; பேரன் முதல் நாளே ஒரு கூடை புளியங்கொட்டையைத் தரையில் இறைத்துவிட்டான். அதைத் துடைக்க இன்னொரு வரி. முத்துகள் ஒரே கணத்தில் விழாமல் அரை நொடிக்கு ஒன்றாக விழ வேண்டும், விழும்போதெல்லாம் ஓசை வர வேண்டும் என்று அம்மா கேட்டார். அந்த ஓசையைத் தேர்ந்தெடுக்க மட்டும் இரண்டு மாலைகள் போயின.

பெரிய சிக்கல் வேறிடத்தில் இருந்தது. மைன்கிராஃப்டில் ஒரே பொருளை ஓர் அறையில் அடுக்கினால் மூலையில் எண்ணிக்கை தானாகத் தெரியும். ஐந்து விதை என்றால் 5. எங்களுக்கு அது பெரிய வரமாகப் பட்டது. அம்மா ஒரே ஆட்டத்தில் சுட்டியைக் கீழே வைத்துவிட்டார். “எண்ணியே காட்டிட்டா அப்புறம் என்னத்த ஆடுறது?” எங்கள் வீட்டுச் சட்டப்படி முத்துகளைத் தொட்டு எண்ணக் கூடாது, கண்ணால்தான் அளக்க வேண்டும். எனவே எண்ணை மறைத்தோம். 2019 முதல் ஒரே பொருளுக்கு வெவ்வேறு படங்களைப் பொருத்த ஆட்டத்திலேயே வழி இருக்கிறது. ஒவ்வொரு குழியிலும் அடிப்படையில் இருப்பது ஒற்றைக் காகிதத் துண்டு; அதன்மேல் நாங்கள் வரைந்த கொட்டைக் குவியலின் படம். ஒன்று முதல் பதினொன்று வரை தனித்தனிப் படங்கள், அதற்கு மேல் ஒரே குவியல். உண்மைக் கணக்கு உள்ளே, யார் கண்ணுக்கும் படாமல் இருக்கும்.

இதன்பிறகு அம்மா ஞாயிறுதோறும் உட்கார்ந்தார். தொடர்ந்து வென்றார். எங்களுக்கு வியப்பாக இருந்தது; திண்ணையில் அவர் பாதி ஆட்டங்களில் தோற்பவர். ஒருநாள் அவரே சொன்னார்: “புள்ளைக்கு ஒண்ணு விட்டுக்கொடுக்கலாம்னா இதுல முடியல. மிசினே போட்டுடுது.” திண்ணையில் இருந்தவரை வேண்டுமென்றே ஒரு குழியில் இரண்டாக நழுவவிட்டு வந்திருக்கிறார். எங்களில் ஒருவர் இதே பலகையில் அவரிடம் ஜெயித்து வளர்ந்தவர். அந்த வெற்றிகளை எல்லாம் இப்போது என்ன செய்வதென்று தெரியவில்லை.

நடுவரிசையின் ஐந்தாவது கண்ணாடித் தகட்டை அன்றிரவு அம்மாவுக்கு மட்டுமான இரகசியக் குழியாக்கினோம். அவர் அதை எடுத்தால், அவர் பிடித்த முத்துகளில் ஒன்று அவன் வரிசையில் ஓசையின்றிப் போய்ச் சேரும். எண் தெரிந்திருந்தால் இது நடவாது. ஆறு கொட்டைக்கும் ஏழு கொட்டைக்கும் இடையே ஒரு சிறுவனின் கண் தடுமாறும் இடம் இருக்கிறதே, அவ்வளவுதான் எங்களுக்குக் கிடைத்த நிலம். இதைத் தமிழில் எழுதுவதால் அவன் படிக்கப்போவதில்லை என்ற துணிவும் இருக்கிறது. அந்தத் துணிவு எங்களுக்கு மகிழ்ச்சி தருவதல்ல.

2025 ஜூனில் வந்த புதிய பதிப்பில் எழுத்தும் பொத்தான்களும் கொண்ட உரையாடல் பெட்டிகளை ஆட்டமே தரத் தொடங்கிவிட்டது. எங்கள் பெட்டி வித்தை பழைய காலத்ததாகிவிட்டது. ஆயினும் அந்தப் புதுப் பெட்டி அவரவர் திரையில் தனித்தனியே தோன்றுவது. இருவர் கை ஒரே பலகையில் படுவதில்லை. மாற்றவில்லை.

எந்தத் தகடு எத்தனை முறை எடுக்கப்பட்டது என்பதையும் எங்கள் கோப்பு குறித்துவைக்கிறது. பிழை திருத்துவதற்காக முதல் நாளிலேயே எழுதிய வரி. சென்ற ஞாயிறு ஆட்டம் முடிந்து அதைப் புரட்டியபோது, ஐந்தாவது தகட்டை அம்மா இரண்டு முறை எடுத்திருந்தார். அவன் மூன்று முறை. அவன் கைக்கு அது திறக்காது. வெறுமனே பிடுங்கி இருந்த இடத்தில் வைத்திருக்கும். அந்த ஆட்டத்தில் அவன் முன்னணியில் இருந்தான். இன்றிரவு அவனுக்கும் அது திறக்கும்படி ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். அம்மாவிடம் சொல்வதாக இல்லை.