முப்பது நொடியில் காணாமல் போனவர்கள்

வடசென்னைப் பிள்ளைகளோடு கேமராவைத் தூக்கிக்கொண்டு எண்ணூர் முகத்துவாரம் வரை போய் வருகிறோம். வந்ததும் எல்லோருடைய படங்களையும் போட்டுப் பார்ப்போம். அழகாக வந்தவற்றைச் சீக்கிரம் தள்ளிவிடுவோம். செட்டிங் தவறியவற்றில்தான் பேச்சு நீளும்.

ஒரு கல்லூரி மாணவர் எடுத்த படம். யூடியூபில் சொன்னபடியே என்டி ஃபில்டர் மாட்டி, ட்ரைபாடில் நிறுத்தி, ஷட்டரை 30 நொடி திறந்து வைத்திருக்கிறார். கொசஸ்தலை ஆறு பாலாடை மாதிரி வழவழவென்று வந்திருக்கிறது. பின்னால் அனல் மின்நிலையப் புகைபோக்கிகள் துல்லியமாக நிற்கின்றன. போட்டிக்கு அனுப்பினால் பரிசு கிடைக்கலாம். ஆனால் அந்த 30 நொடியும் கேமராவுக்கு எதிரே இருளர் பெண்கள் தண்ணீரில் அமிழ்ந்தபடி கையால் இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். நகர்ந்துகொண்டே இருந்ததால் லேசான கறையாகக்கூட அவர்கள் பதியவில்லை. 'யாருமே இல்லாத சும்மா புறம்போக்குதானே' என்று பேசுகிறவர்களுக்கு இதைவிட வசதியான படம் வேறு உண்டா?

அதே இடத்தில், 1/250 நொடியில் இன்னொருவர் எடுத்த படம் கரகரவென்றுதான் இருக்கிறது. வெளிச்சம் போதாமல் ஐஎஸ்ஓவை ஏற்றியிருக்கிறார். ஆனால் பனை ஓலைக் கூடையைப் பல்லில் கடித்தபடி நகரும் பெண் அதில் இருக்கிறார். (கேட்டுவிட்டுத்தான் எடுத்தார். அது முதல் செட்டிங்.) நாய்ஸ் வந்தால் வரட்டும் தோழர்களே. 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர் எம். பழனி குமார், இதே ஆற்றில் இறால் பிடிக்கும் பெண்களைப் பாரி இணையத்தில் பதிவு செய்திருக்கிறார். தேடிப் பாருங்கள்.

சாம்பல் இன்னொரு சிக்கல். கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே முயலும். வெயிலில் வெளிறிக் கிடக்கும் நிலக்கரிச் சாம்பல் ஃபிரேமை நிறைத்தால், ஆட்டோவில் அது மழைக்காலச் சேறு போல மங்கிவிடும். பார்க்கிறவர் 'இதில் என்ன இருக்கிறது' என்பார். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1 வரை ஏற்றிப் பாருங்கள், வெளுப்பு வெளுப்பாகவே வரும்.

ஆட்டோ ஒயிட் பேலன்ஸும் அப்படித்தான். 2020 செப்டம்பர் 9 அன்று காட்டுத்தீப் புகையால் சான் பிரான்சிஸ்கோ வானமே ஆரஞ்சாக மாறியது. பலருடைய கைபேசிகள் அதைச் சாதாரண மேகமூட்டமாகத் 'திருத்தி'க் காட்டின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு நம் முகத்துவாரத்தில் புகுந்த எண்ணெய் போன்ற ஒன்றைப் படமெடுக்கும்போது நிறமும் சாட்சிதான். அதனால் டேலைட்டில் பூட்டி வையுங்கள். முடிந்தால் ரா ஃபைலும் எடுங்கள்.

கடைசியாக, யாரும் கவனிக்காத ஒரு செட்டிங்: தேதி. பல நாள் சார்ஜ் இல்லாமல் கிடந்த பழைய கேமராவில் கடிகாரம் சில வருடம் பின்னால் போயிருக்கும். பசுமைத் தீர்ப்பாயத்தில் அந்தப் படத்தைக் கொடுத்தால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேறென்ன வேண்டும்? கிளம்புவதற்கு முன் தேதி, நேரத்தைச் சரி பாருங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்த விவரங்கள் கழன்றுவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். ஒரிஜினலை வேறொரு இடத்தில் நகலெடுத்து வைக்கும்வரை மெமரி கார்டை ஃபார்மட் செய்ய வேண்டாம்.