மூட்டைக்கு ஒரு கிலோ

ஜனவரி 18
நேற்று ராத்திரி வெள்ளிமலையிலிருந்து போன். மரவள்ளி போட்ட ஓர் ஆயாவுக்கு 312 ரூபாய் குறைந்திருக்கிறது. அந்தக் கணக்கைப் போட்டது நான் செய்த ஆப். அதற்கப்புறம் தூக்கமே இல்லை.

சாக்குக்கும் மண்ணுக்கும் சேர்த்து மூட்டைக்கு இரண்டு கிலோ கழித்து வந்தோம். பொங்கலிலிருந்து ஒரு கிலோ போதும் என்று கிழங்கு எடைபோடும் எங்கள் குழுவில் பேசி முடிவானது. அன்றைக்கே மாற்றிவிட்டேனே! ஆயாவுடையது நாற்பது மூட்டை. மூட்டைக்கு ஒரு கிலோ கூடுதலாகக் கழித்தால் 40 கிலோ, மாவுச்சத்து 26 பாயிண்ட், டன்னுக்கு ஒரு பாயிண்ட் 300 ரூபாய். மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். 312 தான்.

ஜனவரி 19
பிடித்துவிட்டேன். கட்டைகளைப் பொருத்தி ஆப் செய்யும் ‘ஆப் இன்வென்டரில்’ மூன்று ஸ்கிரீன் வைத்திருக்கிறேன்: எடை, சீட்டு, மாதக் கணக்கு. மூன்றிலும் ஒரே சூத்திரம், தனித்தனி நகலாக. எடையிலும் மாதக் கணக்கிலும் மாற்றியவள் சீட்டை விட்டுவிட்டேன். ஆயாவுக்குப் பணம் கொடுத்தது சீட்டைப் பார்த்து.

ஜனவரி 20
சூத்திரத்தை ஒரே இடத்தில் வைக்க வேண்டும். அதற்கு ஊதா நிறத்தில் ‘புரொசீஜர்’ கட்டை இருக்கிறது. இரண்டு வகை: ஒன்று சொன்ன வேலையைச் செய்வதோடு சரி, மற்றது ஒரு விடையைத் திருப்பித் தரும். எனக்கு இரண்டாவது. ‘கிழங்குத்தொகை’ என்று பெயர் வைத்தேன். நீலப் பல்சக்கரத்தை அழுத்தி உள்ளே போகவேண்டியவற்றைச் சேர்த்தேன்: மொத்த எடை, மூட்டை, பாயிண்ட், விலை.

சீட்டுக்கு நிகர எடையும் வேண்டும், தொகையும் வேண்டும். விடை ஒன்றுதான் வெளியே வரும் என்பதால் இரண்டையும் ஒரு லிஸ்ட்டில் போட்டு அனுப்பினேன். மூட்டை 40 என்று கொடுத்தேன். சரியான தொகை வந்தது. ராத்திரி பதினொன்றரைக்கு அம்மாவை எழுப்பிக் காட்டினேன்.

ஜனவரி 21
ஒரு ஸ்கிரீனில் எழுதிய புரொசீஜரை இன்னொரு ஸ்கிரீனிலிருந்து கூப்பிட முடியாது. காலையிலிருந்து எதுவும் ஓடவில்லை.

ஜனவரி 25
ஸ்கிரீனே ஒன்றுதான் என்று ஆக்கிவிட்டேன். மூன்று பக்கத்தையும் அதற்குள் அடுக்கி, வேண்டியதைக் காட்டி மற்றதை மறைக்கிறேன். நான்கு நாள் வேலை. இனி ஒரு கிலோ என்பது ஆப்பில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

ஜனவரி 28
புரொசீஜரைப் பற்றித் தேடியதில், கேம்பிரிட்ஜில் 1949-ல் ஓடத் தொடங்கிய எட்சாக் கணினியைப் பற்றிப் படித்தேன். அடிக்கடி தேவைப்படும் கணக்குகளைத் துளையிட்ட காகித நாடாக்களாக்கி அலமாரியில் வைத்திருந்தார்கள். வேண்டியவர் எடுத்துத் தன் நாடாவில் படியெடுத்துக்கொள்ளலாம். எந்த மதிப்பை எங்கே வைத்துக் கூப்பிட வேண்டும், விடை எங்கே கிடைக்கும் என்பதும் எழுதப்பட்டிருந்தது. வில்க்ஸ், வீலர், கில் மூவரும் 1951-ல் இதைப் புத்தகமாகவே போட்டார்கள். அலமாரியைத் திறக்கும் யாருக்கும் புரியும்படி அவர்கள் எழுதியது எனக்குப் பிடித்திருக்கிறது. என் கட்டைகளுக்குப் பக்கத்தில் நான் ஒரு குறிப்புகூட எழுதவில்லை. இந்த ஒரு கிலோ எங்கிருந்து வந்தது என்று நாளைக்கு யார் சொல்வது?

பிப்ரவரி 2
கச்சிராயபாளையம் வழியாக மலைக்கு பஸ். கோமுகி அணையைத் தாண்டியதும் குளிர். 312 ரூபாயை ஆயா கையில் கொடுத்தேன். எண்ணி, மடித்து, முந்தானையில் முடிந்துகொண்டார். வசவுக்குத் தயாராகப் போயிருந்தேன். “வந்தியே கண்ணு, அது போதும்” என்றார். எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

போனில் கணக்கைக் காட்டினேன். எடை இங்கே, மூட்டை இங்கே, கழிவு மூட்டைக்கு ஒரு கிலோ என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஆயா எழுந்து திண்ணை ஓரம் கிடந்த காலிச் சாக்கை இரண்டு விரலில் தூக்கிப் பிடித்தார். பழைய யூரியா சாக்கு. காற்றில் படபடத்தது.

“இதுவா கண்ணு ஒரு கிலோ?”

பக்கத்து வீட்டில் சணல் சாக்கு. அதை வாங்கித் தூக்கிப் பார்த்தேன். கனம்.

“கிழங்கையும் நான் அலசித்தான் போடுவேன். மண்ணும் இருக்காது.”

பிப்ரவரி 3
உள்ளே போகிறவற்றில் ‘சாக்கு வகை’ என்று ஒன்றைச் சேர்த்தேன். புரொசீஜரைக் கூப்பிடும் எல்லா இடத்திலும் ஒவ்வொரு வெற்றுப் பொருத்து முளைத்தது, பக்கத்தில் எச்சரிக்கைக் குறி. ஆறு இடம். யூரியா சாக்குக்கு எவ்வளவு போடுவது? அலசிய கிழங்குக்கு? நானாக ஓர் எண்ணைப் போட்டால் அது நியாயமில்லை. குழுக் கூட்டம் அடுத்த வாரம்.

பிப்ரவரி 5
பழைய சீட்டுகளை எடுத்து வைத்தேன். எந்தச் சீட்டிலும் சாக்கு எதுவென்று எழுதவில்லை.